மடக்குச் சந்தில் குறை பார்த்த கதை

மடிப்பாளையம் ரெட்டிக்கப் போகிறது என்பதை முதலில் கோழிகள்தான் சொல்லும். எந்த வீட்டு முட்டையை உடைத்தாலும் உள்ளே இரண்டு மஞ்சள் கரு கிடக்கும். அதைப் பார்த்ததும் பெண்கள் வாணலியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "ஏனுங்க அக்கா, உங்கூட்டுலயுமா?" என்று கேட்டுக்கொள்வார்கள். மழை வரும் என்று கொடியில் காயும் துணியை எடுப்பார்களே, அந்த அளவுக்குத்தான் பரபரப்பு. ஓடு மாற்றுவதாக இருந்தவர்கள் தள்ளிப் போடுவார்கள். கல்யாணம் வைத்திருப்பவர்கள் முகூர்த்தத்தை மாற்றுவார்கள். மற்றபடி அவரவர் பாடு அவரவருக்கு.

ரெட்டிப்பு என்பது இதுதான். ஒரு விடியலில் ஊரிலுள்ள தெரு ஒவ்வொன்றும் வகிடெடுத்த தலை மாதிரி நடுவே பிளந்து, கிழக்கு வரிசை ஒரு பக்கமும் மேற்கு வரிசை ஒரு பக்கமும் ஒதுங்கும். எங்கிருந்தோ கொத்தனார்கள் வருவார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்த்தவர் எவரும் இல்லை, முதுகைத்தான் பார்த்திருக்கிறார்கள். நிற்கிற வரிசையைப் பார்த்துப் பார்த்து அதற்கு எதிர் வரிசையைப் புதிதாகக் கட்டிக்கொண்டே போவார்கள். இங்கே கிணறு என்றால் எதிரே துவைகல், இங்கே அம்மி என்றால் எதிரே ஆட்டுக்கல், இங்கே வாயாடி என்றால் எதிரே வாய் திறவாதவள். ஒரு வரிசையை மளமளவென்று நேராகக் கட்டிப் போகிறவர்கள், மற்ற வரிசையை மட்டும் பின்னோக்கி நடந்து துண்டு துண்டாகக் கட்டி, இடையிடையே காரை பூசி ஒட்டுவார்கள். ஏன் அப்படி என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. சுவர் எழும்போதே உள்ளே ஆளும் எழும், பாதி வெந்த சோற்றோடும் பாதி பேசிய பேச்சோடும். பொழுது சாயும்போது இரண்டு மடிப்பாளையங்கள் வாய்க்காலின் இரு கரையிலும் நிற்கும். பிறகு மெதுவாக விலகி ஒன்றின் கண்ணுக்கு ஒன்று மறையும். இரண்டு ஊரும் தான்தான் இருந்த இடத்திலேயே இருப்பதாகச் சொல்லும். போன ஊரைத் தேடிப் போன ஓரிருவர், அங்கே தங்களையே எதிரில் பார்த்து, பேச ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஊர் பச்சைக்குழந்தையாக இருந்த காலத்தில் இந்த வேலை ஒரு மூச்சில் முடிந்துவிடுமாம். எல்லாத் தெருக்களும் திறந்து கிடந்தன, எல்லாத் தெருவிலும் ஒரே சமயத்தில் கொத்தனார்கள் இறங்கினார்கள், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் ஊர் இரண்டாகி நின்றது. ரெட்டித்த ஊர்கள் வளர வளர ஆளுக்கொரு தொழிலுக்குப் பழகின. ஒன்று சட்டிபானை ஊர், ஒன்று வைத்தியர் ஊர், ஒன்று எப்போதும் பாட்டும் மேளமுமான ஊர். எல்லா ஊரிலும் எல்லாத் தெருவும் உண்டு. எந்தத் தெரு திறந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இந்த மடிப்பாளையம் மாட்டுச் சந்தை ஊரானது. அதற்கு வேண்டிய கயிற்றுத் தெருவும் லாடத் தெருவும் தரகர் தெருவும் வெயிலில் விரிந்து கிடந்தன. வேண்டாத சந்துகளைப் பாய் மாதிரிச் சுருட்டி ஊர் மதிலோடு ஒட்ட வைத்துவிட்டார்கள்.

அப்படிச் சுருட்டியதில் ஒன்றுதான் மடக்குச் சந்து. ஊர் குழந்தையாக இருந்தபோது அதைத் தாலாட்டித் தூங்க வைத்தவர்களின் சந்து அது. வளர்ந்து மீசை வைத்த ஊருக்குத் தாலாட்டு எதற்கு? பெரிய பெரிய மர உருளைகளை நட்டு, ஒவ்வொரு உருளையையும் இரண்டு சுற்றுச் சுற்றி அந்தச் சந்தினை மடக்கினார்கள். உருளை ஒவ்வொன்றிலிருந்தும் வால் போல ஒரு கயிறு தொங்கும். அந்த வாலில் சுண்ணாம்பைப் பூசி இறுக்கியிருந்தார்கள். சுண்ணாம்பு காய்ந்திருக்கும்வரை உருளை பிடியை விடாது. சந்துக்குள் வெயில் கத்திக் கீற்று மாதிரித்தான் விழும். ஒரு வீட்டின் வாசலில் நின்றால் எதிர் வீட்டு அடுப்பின் சூடு முகத்தில் அடிக்கும்.

இப்படி ஓரத்தில் கிடக்கும் சந்துக்குக் கொத்தனார்கள் கடைசியாகத்தான் வருவார்கள். அதற்குள் வெளிச்சம் மங்கியிருக்கும், நல்ல செங்கல் தீர்ந்திருக்கும், கட்டியதைச் சரிபார்த்துத் திருத்துகிற மேஸ்திரிகள் கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பார்கள். தரகர் தெருவில் இம்மி பிசகாமல் நடக்கிற வேலை மடக்குச் சந்தில் தடுமாறும். தாழ்ப்பாள் இல்லாத கதவு வரும். தண்ணீரில்லாத கிணறு வரும். ஆளிலும் குறை வரும்.

தெய்வாத்தாளுக்கு அது சின்ன வயதிலேயே தெரியும். அந்தச் சந்தில் பெண்ணை எதிர் வீட்டுக்குத்தான் கொடுப்பார்கள், எட்டிப் பார்த்தால் தெரியட்டும் என்று. அவள் மேற்கு வரிசையில் பிறந்து கிழக்கு வரிசைக்கு வாக்கப்பட்டவள். அவள் கல்யாணத்துக்குப் பிறகு வந்த ரெட்டிப்பில், எதிர் வீட்டில் புதிதாக எழுந்த அவளுடைய அப்பாவுக்கு வாசனை தெரியவில்லை. மல்லிகையை மூக்கருகே கொண்டு போனாலும் விழித்தார். அதை வைத்துத்தான் பிறந்த வீடு போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சடங்கே வைத்திருந்தார்கள் மடக்குச் சந்துக்காரர்கள். குறை பார்த்தல் என்று பெயர். ரெட்டிப்புக்கு மறுநாள் வெற்றிலைத் தட்டோடு எதிர் வீட்டுக்குப் போய் ஊசியில் நூல் கோர்க்கச் சொல்வார்கள், உப்புப் பார்க்கச் சொல்வார்கள், செத்துப்போன மாட்டின் பெயரைக் கேட்பார்கள். அவர்களும் இவர்களைக் கேட்பார்கள். புதிதாக எழுந்தவருக்கும் பழைய நினைவெல்லாம் இருக்கும் என்பதால், தான் பழசா புதுசா என்று யாருக்கும் தானாகத் தெரியாது. குறைதான் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு வரிசையில் குறை தட்டுப்படும். உடனே சந்தே உட்கார்ந்து, விலகிப் போனவர்களுக்காக வாய்விட்டு அழும். அழுது முடித்து, குறையோடு வந்தவர்களைக் கட்டிப் பிடித்து, வாயில் கருப்பட்டி போட்டு, இனி நீதான் எனக்கு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். வெளித்தெருக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருந்தது. "ஒரு குறையும் இல்லாத எங்களுக்கே யாரு பழசு யாரு புதுசுன்னு கவலையில்லை, உங்களுக்கென்ன?" என்று கேட்பார்கள். அவர்கள் வியாபாரிகள். ஆள் மாறினாலும் பேச்சு மாறாமல் இருந்தால் போதும் அவர்களுக்கு.

இந்தத் தடவை முட்டையில் இரண்டு கரு தெரிந்தபோது தெய்வாத்தாள் வாணலியை இறக்கவில்லை, முட்டை கருகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய ஒரே மகள் குஞ்சம்மாள் எதிர் வீட்டில் நிறைமாதமாக இருந்தாள்.

போன ரெட்டிப்பின்போது சந்தின் கடைசி வீட்டிலும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள். இருட்டோடு இருட்டாக எழுந்த அவளிடம் எந்தக் குறையும் இல்லை. குறை வயிற்றுக்குள் போயிருந்தது. பிறந்த குழந்தைக்கு அழத் தெரியவில்லை. பசித்தாலும் எறும்பு கடித்தாலும் சிரித்த மாதிரியே கிடந்தது. அழாத பிள்ளை, தங்கமான பிள்ளை என்று எல்லாரும் கொஞ்சினார்கள். பாலுள்ள வீட்டில், பெற்றவள் பக்கத்திலேயே படுத்திருக்க, அது சத்தமில்லாமல் காய்ந்து போனது. அந்தச் சின்னப் பாடையைத் தூக்கிக்கொண்டு போனபோது சந்து அகலம் போதவில்லை, ஒருக்களித்துத்தான் போனார்கள். தெய்வாத்தாள் அதை மறக்கவில்லை.

சுக்கு வாங்கக் கடைவீதிக்குப் போனவள், டீக்கடைப் பெஞ்சில் எமிமா டீச்சர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு நின்றாள். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிற டீச்சர். முட்டை ஆம்லெட் தீயும் மணத்தில் ரெட்டிப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம உடம்புலயும் இதேதான் நடக்குது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டிஎன்ஏன்னு ஒரு நூல் இருக்குது. செல் ரெண்டாகறதுக்கு முன்னாடி அந்த நூல் முழுக்க இன்னொண்ணு ஆகணும். எல்லா இடமும் ஒண்ணா ஆகாது. விரிஞ்சு கிடக்கற இடம் முதல்ல ஆகும், இறுக்கிச் சுருட்டி ஓரத்துல ஒட்ட வெச்ச இடம் கடைசில ஆகும். கருவுல மொதல் மொதல்ல மட்டும் எல்லாம் ஒரே மூச்சுல ஆயிரும். அப்பறம் இது கண்ணு, இது ஈரல்னு அதது பழகப் பழகத்தான் முந்தி பிந்தி வரும்."

டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "அப்ப நம்ம ஊரைப் பார்த்துத்தான் உடம்பு கத்துக்கிச்சுங்களா டீச்சர்?" என்றார்.

"யாரு யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்கன்னு பாடப் புத்தகத்துல போடலைங்க."

தெய்வாத்தாள் சுக்குப் பொட்டலத்தை இடுப்பில் செருகினாள். "கடைசில ஆகற எடத்துல தப்பு வந்துருமுங்களா டீச்சர்?"

"ஜாஸ்தி வரும். பொருளு தீர்ந்திருக்கும், திருத்தற ஆளுக ஓஞ்சிருப்பாங்க. சில தப்பு உடனே தெரியவும் தெரியாது. உறங்கிக் கிடந்து ஒரு நாளைக்கு மொளைக்கும்."

"சுருட்டுனதைப் பிரிச்சு விட்டுட்டா?"

டீச்சர் டம்ளரை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். மடக்குச் சந்துக்காரி என்பது முகத்திலேயே தெரியும். வெயில் படாத வெளுப்பு. "பிரிச்சு விட்டா மொதல்லயே ஆயிரும். ஆனா மூடி வெச்ச இடத்தைத் திறந்தா வேற என்னென்னவோ ஆகும் அம்மா. காரணமில்லாம மூட மாட்டாங்க."

"வேற என்ன வேணா ஆகட்டுங்க டீச்சர்," என்றாள் தெய்வாத்தாள்.

ஊர்ப் பெரியதனக்காரர் குப்பணனிடம் போய், மடக்குச் சந்தைப் பிரித்து விடச் சொல்லி முறையாகக் கேட்கவும் கேட்டாள். அவர் ஒரு காளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அம்மிணி, சந்தை கூடற ஊருல தாலாட்டுச் சத்தம் கேட்டா என்னாகும்? மாடெல்லாம் படுத்துக்கும். மாடு படுத்தா ஊரு படுத்துது. உன்ர புள்ளைக்கு என்ன, குறையோட வந்தாத்தான் வரட்டுமே. உங்க சந்துல குறையோட வராதது யாரு?"

"வயித்துல புள்ளைங்க மாமா."

"எல்லா வயித்துலயும்தான் புள்ளை," என்றவர் காளையின் வாயை மூடினார்.

மறுநாள் சந்தை. ஊரே சந்தைத் திடலில் இருந்தது. தெய்வாத்தாள் ஒரு குடம் நிறையப் புளியைக் கரைத்தாள். முதல் உருளையின் வாலைக் குடத்துக்குள் விட்டுக் கசக்கினாள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து போயிற்று. மரம் ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. உருளை பிடியைத் தளர்த்த, சந்தின் ஒரு சுற்று சரிந்து விரிந்தது. பெண்கள் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி உள்ளே போய்த் தன் வீட்டுப் புளிப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அழாத பிள்ளையைப் பெற்றவளும் வந்தாள், வெறுங்கையோடு வந்து ஒரு வாலைப் பிடித்துக் கசக்கினாள். கடைசி உருளையும் விட்டபோது மடக்குச் சந்து மதிலை விட்டுக் கழன்று, முதுகை நீட்டிச் சோம்பல் முறித்து, கடைவீதிவரை ஓடிப் படுத்தது. வாசல்களில் முழு வெயில் விழுந்தது. எதிர் வீடு இத்தனை தூரமா என்று ஆளாளுக்குத் திகைத்து நின்றார்கள்.

சுவர்களுக்குள் அத்தனை காலமாகச் சுருண்டு கிடந்த தாலாட்டுகள் வெளியே வந்தன. சந்தைத் திடலில் காளைகள் முன்னங்காலை மடித்து ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த தரகர்கள், பிடித்த விரலை விடாமலே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குறட்டை விட்டார்கள். பெரியதனக்காரர் கோபத்தோடு எழுந்து இரண்டடி வைத்து, வைத்த இடத்தில் உட்கார்ந்து, பிள்ளை மாதிரி விரலை வாயில் வைத்துக்கொண்டார். சந்தை கலைந்தது. ஊர் அதையும் ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டது. ராத்தூக்கம் இல்லாத தரகர் வீட்டுப் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மடக்குச் சந்துக்கு வந்து படுத்துப் போனார்கள்.

தூங்கியவர்கள் எழுந்து சுண்ணாம்பு குழைக்கும் முன்பே ரெட்டிப்பு வந்துவிட்டது.

அன்று விடியலில் தெய்வாத்தாள் தன் வாசற்படியில் நின்றாள். எதிர்ப் படியில் குஞ்சம்மாள், வயிற்றில் கையை வைத்து நின்றாள். கண்ணைச் சிமிட்டுவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். சந்து நடுவே பிளந்தது. குஞ்சம்மாள் ஒரு கையைத் தூக்கினாள். கொத்தனார்களின் முதுகுகள் கூட்டமாக வந்தன, முதல் வெளிச்சத்தில், முதல் செங்கலோடு, பின்னாலேயே திருத்துகிற மேஸ்திரிகளோடு. காரைத்தூள் எழுந்தது. தெய்வாத்தாளின் கண்ணில் ஒரு துகள் விழுந்தது. அவள் சிமிட்டினாள். திறந்தபோது எதிர்ப் படியில் குஞ்சம்மாள் தூக்கிய கையோடு நின்றாள், முந்தானையின் அதே கிழிசலோடு.

"சிமிட்டிட்டியா அம்மா?" என்று கேட்டாள் மகள்.

"நீ?"

"நானுந்தான்."

மறுநாள் மடக்குச் சந்து குறை பார்த்தது. வெற்றிலைத் தட்டுகள் இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் போய் வந்தன. குஞ்சம்மாள் ஊசியில் நூல் கோர்த்தாள், செத்துப்போன செவலைக் கன்றின் பெயரைச் சொன்னாள், காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தைக் காட்டினாள். பிறகு தெய்வாத்தாளின் முறை. அவள் கை உப்புக் கை என்று சந்தே சொல்லும். எத்தனை பேருக்கு ஆக்கினாலும் ருசி பார்க்க மாட்டாள். கண்ணை மூடி, கல்லுப்பை அள்ளிப் போட்டால் ஒரு கல் கூடாது, ஒரு கல் குறையாது. கண்ணை மூடி அரிசிம்பருப்புச் சோற்றுக்கு உப்புப் போட்டாள். குஞ்சம்மாள் வாயில் வைத்து, "சரியா இருக்குது," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் தெளியவில்லை.

எந்த வீட்டிலும் குறை இல்லை. தாழ்ப்பாள் விழுந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, கிழவர்களுக்கு வாசனை தெரிந்தது. சந்தின் நினைவில் அப்படி ஒரு ரெட்டிப்பு நடந்ததில்லை. முதலில் சிரித்தார்கள், கருப்பட்டியைத் தாங்களே தின்றார்கள். பொழுது ஏற ஏறச் சிரிப்பு நின்றது. அழுவதற்கென்று உட்கார்ந்தவர்கள் யாருக்காக அழுவது என்று தெரியாமல் எழுந்து போனார்கள். போனது அவர்களா, நாமா? எதிரே நிற்பது அவளா, அவளைப் பார்த்துக் கட்டியதா? ஒருத்தன் மாமனாரை ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்டு அறை வாங்கினான். ஒருத்தி எதிர் வீட்டுத் தங்கையின் தலையைப் பேன் பார்க்கிற சாக்கில் மயிர் மயிராகப் பிரித்துப் பார்த்தாள். சாவு விழுந்தும் பிணம் கிடைக்காத வீடு மாதிரி ஆயிற்று சந்து.

குஞ்சம்மாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். மருமகன் சென்னியப்பன் வந்து வாசலில் நின்றான்.

"அத்தை, தண்ணி கூட எறங்க மாட்டேங்குது அவளுக்கு. புள்ளை வேற அசையறது கொறைஞ்சு போச்சுங்கறா. நீங்க வந்து ஒரு வாய் குடுத்துப் பாருங்க."

"நான் குடுத்தா திங்கறாளா மாப்ளை?"

"நீங்க குடுத்தாத்தான் திங்க மாட்டேங்கறாளுங்க," என்று தலையைக் குனிந்துகொண்டான்.

தெய்வாத்தாள் போனாள். குஞ்சம்மாள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகம், தழும்பு, ரேகை. மச்சம் இருந்த காதைத் தெய்வாத்தாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருத்தி பார்ப்பது ஒருத்திக்குத் தெரிந்து இரண்டு பேரும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"எங்கம்மா போயிட்டாளான்னு தெரிஞ்சா அழுது தீர்த்துருவேன். போகலைன்னு தெரிஞ்சா உன்ர மடில படுத்துக்குவேன். ரெண்டும் இல்லாம எப்பிடி அம்மா சோறு எறங்கும்?"

"நான் இங்கதான இருக்கறேன் சாமி."

"அதை நீ எப்பிடி இருந்தாலும் சொல்லுவ." வயிற்றைத் தடவினாள். "ஒருவேளை நான்தான் புதுசோ என்னமோ. அப்ப இது? இது யாருது? இதுக்குள்ள என்ன தப்பு உறங்குதோ?"

தெய்வாத்தாள் எழுந்து வெளியே வந்தாள். மகளைக் குறையில்லாமல் வரவைக்கத்தான் மடக்குச் சந்தைப் பிரித்தாள். குறைதான் இத்தனை காலமும் சந்தைத் தாங்கிப் பிடித்திருந்தது என்பதை இப்போதுதான் பார்த்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். அரிசியையும் பருப்பையும் களைந்து உலையில் போட்டாள். அவள் கை உப்புப் பானைக்குள் போய், தன் வழக்கப்படி, தன் அளவை அள்ளிக்கொண்டு வந்து போட்டது. ஒரு குறை தன்மேல் இருந்தால் தான் புதுசு. தான் புதுசானால் மகள் பழசு, வயிற்றில் இருப்பதும் பழசு, யாரும் பார்த்துக் கட்டாதது. அப்படி ஆகிவிட்டால் இந்த உலகத்தில் குஞ்சம்மாளுக்கு அம்மா என்று ஒருத்தி இருக்க மாட்டாள். இருக்க மாட்டாள் என்றால் என்ன? அவள் சாப்பிடுவாள்.

தெய்வாத்தாள் மறுபடியும் பானைக்குள் கையை விட்டாள். கை வர மறுத்தது. மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்து இழுத்து, இன்னொரு பிடி போட்டாள்.

தட்டை எடுத்துக்கொண்டு போய், "ஒரே ஒரு வாய் தின்னு கண்ணு," என்று ஊட்டினாள். குஞ்சம்மாள் வேண்டாவெறுப்பாக வாங்கினாள். மெல்லவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சாமி?"

"உப்பு," என்றாள்.

தெய்வாத்தாள் தட்டிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்து, ஒன்றும் தெரியாதவளைப் போல விழித்தாள். "சரியாத்தான இருக்குது?"

குஞ்சம்மாளின் முகம் மெதுவாக உடைந்தது. "ஐயோ, எங்கம்மாவுக்கு இது வராது," என்றாள். "எங்கம்மாவுக்குக் கனவுல கூட உப்பு ஏறாது." பிறகு அழுதாள். சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, தரையில் கையை அறைந்து, போன அம்மாவின் பேரைச் சொல்லி, அவள் நடையைச் சொல்லி, அவள் கையைச் சொல்லி அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து, குறை கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, கிடைத்த சாக்கில் தங்கள் தங்கள் அழுகையையும் அழுது தீர்த்தார்கள். கிழக்கு வரிசையில் ஒரு வீடு புதுசு என்றால் மொத்த வரிசையும் புதுசுதானே. ஒரே உப்புப் பிடியில் சந்துக்கே கணக்குத் தீர்ந்தது. கிழக்கு வரிசைக்காரர்கள் தாங்கள் புதுசு என்பதைத் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள். தெரியாமல் இருப்பதைவிட அது தேவலை என்றிருந்தது அவர்களுக்கு.

தெய்வாத்தாள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "உங்கம்மா அங்க நல்லா இருப்பா சாமி. அவளுக்கு அங்கயும் ஒரு குஞ்சு இருக்குமில்ல? அவளுக்கு ஊட்டிக்கிட்டு இருப்பா இந்நேரம்."

குஞ்சம்மாள் கண்ணைத் துடைத்தாள். தட்டை இழுத்து வைத்து, உப்புக் கரிக்கிற சோற்றைக் கடைசிப் பருக்கைவரை வழித்துத் தின்றாள். பிறகு கருப்பட்டியைக் கிள்ளித் தெய்வாத்தாளின் வாயில் போட்டு, அவளைக் கட்டிப் பிடித்தாள்.

"இனி நீங்கதானுங்க எனக்கு," என்றாள்.

தெய்வாத்தாள் கருப்பட்டியை விழுங்கினாள். பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்று பேசிய வாயில் அந்த 'ங்க' எவ்வளவு சுத்தமாக உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பெரியதனக்காரர் சுண்ணாம்பு வண்டியோடு வந்தார். சந்தை நடக்க வேண்டாமா? உருளைகளில் மடக்குச் சந்தை மறுபடி இரண்டிரண்டு சுற்றுச் சுற்றி, வால்களில் இந்தத் தடவை கெட்டியாகப் பூசி, மதிலோடு தள்ளி ஒட்டினார்கள். தாலாட்டுகள் சுவருக்குள் போயின. காளைகள் எழுந்து நின்றன. மடக்குச் சந்துக்காரர்கள் யாரும் தடுக்கவில்லை. எதிர் வீட்டு அடுப்பின் சூடு மறுபடியும் முகத்தில் அடித்தது. அடுத்த ரெட்டிப்பு பொழுது மங்கித்தான் வரும், குறையோடு வரும் என்ற நினைப்பே அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது.

குஞ்சம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி அதைத் தலைகீழாகப் பிடிப்பதற்கு முன்பே, மதில்வரை அதிர, அது வீரிட்டது. அழாத பிள்ளையைப் பெற்றவள் அந்தச் சத்தத்தைக் கேட்க வந்து வாசலில் உட்கார்ந்து, எழுந்திருக்கவே இல்லை. தெய்வாத்தாள் வாசலில் நின்றாள். "உள்ள வாங்க, ஏனுங்க வெளிய நிக்கறீங்க," என்று மகள் கூப்பிட்டாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டாள், புது மணைப்பலகையை இழுத்துப் போட்டாள். போன அம்மாவுக்கென்று அமாவாசை தோறும் ஒரு இலை போட்டு, அதில் தெய்வாத்தாளையே உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாள். தெய்வாத்தாள் தனக்குப் போட்ட இலையில் தானே உட்கார்ந்து, இலைக்குரியவளைப் பற்றி மகள் சொல்லச் சொல்லக் கேட்டபடி சாப்பிட்டாள். அவ்வளவு நல்லவளா தான் என்று சில சமயம் அவளுக்கே வியப்பாக இருந்தது.

மகள் எப்போது எட்டிப் பார்ப்பாள் என்று தெரியாதே. அதனால் தனக்கு மட்டும் ஆக்கும்போதும் உப்பைக் கூட்டிப் போட்டாள். சந்து விருந்துகளுக்கு அவளை உப்புப் போட யாரும் கூப்பிடவில்லை. "பாவம், கொத்தனாருக கைப்பிசகு," என்று அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். குழந்தை தவழ்ந்தது, எழுந்து நின்றது, சந்தின் குறுக்கே நடந்து அவள் வீட்டுக்கு வரப் பழகியது.

ஒரு சந்தை நாள் காலை, மகளும் மருமகனும் திடலுக்குப் போயிருந்தார்கள், பிள்ளை பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. தெய்வாத்தாள் கதவைச் சாத்தி, அரிசிம்பருப்பை அடுப்பில் ஏற்றினாள். இன்று ஒரு நாளைக்கு, தனக்கென்று, தன் கைப்படி. கண்ணை மூடினாள். பானைக்குள் கையை விட்டாள். கை உப்புக்குள் போய் நின்றது. எவ்வளவு என்று அவளைக் கேட்டது. அவள் கையைக் கேட்டாள். கொஞ்சம் அள்ளிப் போட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தாள். கூடுதலா, குறைச்சலா, சரியா? நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாள் பொய்யாகப் போட்டுப் போட்டு மறந்து போனதா? இல்லை, அன்றைக்கே, அந்த முதல் வெளிச்சத்தில், அந்தக் காரைத்தூளில், எந்தக் கொத்தனாரோ அந்த ஒரு பிடியை விட்டுவிட்டுப் போய், அது இத்தனை நாள் உறங்கிக் கிடந்து இன்றைக்கு முளைத்ததா?

அடுப்பு அணைந்தது. அவள் மறுபடி உப்புப் பானைக்குள் விட்ட கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டில் குழந்தை விழித்து அழத் தொடங்கியது. பசி அழுகை. அதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. தெய்வாத்தாள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.